காரணமின்றி வராத நாட்கள்

லேவார்டன்,
12 செப்டம்பர் 1983

அன்புள்ள யோரிட் அண்ணாவுக்கு,

வீட்ஸ்கே எழுதுவது. நான் நலம். மணிக்கட்டு வலி மட்டும் இந்த டைப்ரைட்டர் இருக்கும்வரை இருக்கும் போலிருக்கிறது. நீயும் கோரி அண்ணியும் பையன்கள் இருவரும் சுகம்தானே? உன் மாடுகளையும் நான் விசாரித்ததாகச் சொல். மனிதர்களைவிட அவற்றைப் பற்றித்தான் நீ அதிகம் எழுதுகிறாய்.

எனக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. கனடாவுக்குக் கிளம்புகிற கூட்டம் குறையவே இல்லை. எல்லோருக்கும் பள்ளிச் சான்றிதழ் ஆங்கிலத்தில் வேண்டும். நமக்கு, டச்சுப் பள்ளிகளில், பத்துக்கு ஆறு வாங்கினால் பாஸ், எட்டு வாங்கினால் வீட்டில் கேக். அந்த ஆறை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினால் அங்கே கனடாவில் உங்கள் ஊர்க்காரன் பையனை மக்கு என்கிறான். எண்ணை மாற்ற எனக்கு உரிமை இல்லை. கோர்ட்டில் சத்தியம் செய்து முத்திரை வாங்கிய மொழிபெயர்ப்பாளர் நான். தாளில் கறை இருந்தால் 'கறை' என்றுகூட எழுதியாக வேண்டும். வேண்டுமானால் அடியில் ஒரு குறிப்பு போடலாம், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஓர் உறை வந்தது. உள்ளே ஆரம்பப் பள்ளி ரிப்போர்ட் புத்தகத்திலிருந்து ஒரு தாள். ஐந்தாம் வகுப்பு, 1955 கிறிஸ்துமஸ் ரிப்போர்ட். நம் ஊர்ப் பள்ளி. பெயர் ரெய்னு விபெங்கா, பிறந்த நாள் 3 மே 1944.

நம் ரெய்னுதான், அண்ணா. எனக்கு அக்கா, உனக்குத் தங்கை. கணக்கில் நாலு, டச்சில் நாலு, பாட்டில் எட்டு. வராத நாட்கள்: காரணத்தோடு இரண்டு, காரணமின்றி ஏதுமில்லை. கால்வாயில் ஐஸ் உடைந்து அவள் போன அன்று பள்ளிப் பையும் அதற்குள் இருந்த ரிப்போர்ட் புத்தகமும் போனது போனதுதான் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தத் தாள் எங்கிருந்து வந்தது?

கூடவே ஒரு துண்டுச் சீட்டு. நீல மை, பள்ளிக்கூடத்தில் கற்றுத்தரும் கூட்டெழுத்து. "இது ஆங்கிலத்தில் வேண்டும். கனடாவில் சேர வேண்டியிருக்கிறது. ஹாலிஃபாக்ஸ் தபால் நிலையத்துக்கு அனுப்பினால் நேரில் வாங்கிக்கொள்வேன்." அனுப்பியவர் பெயர் இல்லை.

மொழிபெயர்த்து அனுப்பிவிட்டேன். திட்டாதே. அவள் பெயரை நம் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு அதை எழுத எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பெற்றோர் கையெழுத்து இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. ஆனால் மை இடமிருந்து வலமாக இழுபட்டிருக்கிறது, எழுதியவர் கை ஈர எழுத்தின் மேலேயே போனதுபோல. இரண்டு நாலுக்கு அப்பா சத்தமில்லாமல் கையெழுத்துப் போட்டாரா? வீட்டுக் கூரை பறந்திருக்குமே. எனக்கு அப்போது எட்டு வயது, ஞாபகம் இல்லை. உனக்குப் பதின்மூன்று. உனக்குத் தெரிந்திருக்குமே?

அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் என் முத்தங்கள்.

உன் தங்கை,
வீட்ஸ்கே

❖

ஒன்டாரியோ,
9 அக்டோபர் 1983

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் மணிக்கட்டுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. சோளம் அறுத்தாகிவிட்டது. பெரியவன் ஹெர்மன் டிராக்டர் ஓட்டுகிறான். சின்னவன் டானி அவன் பின்னாலேயே ஓடி நாள் முழுக்கக் கத்துகிறான். மாடுகள் இரண்டு கிடாரிக் கன்று போட்டிருக்கின்றன.

நீ எழுதிய அந்தத் தாளைப் பற்றி. யாரோ வேலையற்றவன் விளையாடுகிறான். பழைய பள்ளிக் கட்டடத்தை இடித்தார்களே, அப்போது பீரோவிலிருந்து எவன் கையிலாவது சிக்கியிருக்கும். இனி வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பு.

ஹாலிஃபாக்ஸ் என்றா எழுதியிருந்தது? சரியாகப் பார்த்தாயா? அறுபத்திரண்டில் நான் கப்பலிலிருந்து இறங்கியது அங்கேதான். அதற்கென்ன, எல்லோரும் அங்கேதான் இறங்கினார்கள்.

குளிர் வந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
யோரிட்

பின்குறிப்பு: நீ கேட்டதற்கு. எனக்கும் ஞாபகம் இல்லை.

❖

லேவார்டன்,
14 நவம்பர் 1983

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். கிடாரிகளுக்கு என் வாழ்த்து.

உன் கடிதம் வருவதற்கு ஒரு நாள் முன்பே அடுத்த உறை வந்துவிட்டது. பிரிக்காமல் திருப்பி அனுப்ப எந்த முகவரிக்கு அனுப்புவேன்?

இந்த முறை மூன்று தாள்கள். உட்கார்ந்துகொண்டு படி.

முதலாவது 1956 ஈஸ்டர் ரிப்போர்ட். அவள் இறந்தது பிப்ரவரி பதினேழு, பதினோரு ஊர்களைச் சுற்றிக் கால்வாய் ஐஸில் ஓடும் ஸ்கேட்டிங் பந்தயம் முடிந்த மூன்றாம் நாள். ஈஸ்டர் வந்தது ஏப்ரலில். தாளில் மார்க் எதுவும் இல்லை. வராத நாட்கள் என்ற இடத்தில் மட்டும் "காரணமின்றி: 30".

இரண்டாவது, அதே வருஷம் கோடை ரிப்போர்ட். கணக்கில் ஐந்து. டச்சில் ஆறு. பாட்டில் எட்டேதான். ஈஸ்டருக்குப் பிறகு ஒரு நாள்கூடப் பள்ளிக்கு வராமல் இல்லை. ஆறாம் வகுப்புக்கு அனுப்பப்படுகிறாள்.

மூன்றாவது தாளை விளக்கடியில் வைத்து இரண்டு முறை படித்தேன். நீச்சல் சான்றிதழ். ஆகஸ்ட் 1956. உடைகளோடு குளத்தில் குதித்து நீந்திக் காட்டியதாகப் பயிற்சியாளரின் கையெழுத்து.

தாள்கள் மூன்றும் ஈரமாக இருந்தன. உறை காய்ந்திருந்தது. கோடையில் கால்வாய் ஓரம் வருமே ஒரு பாசி வாடை, அதே வாடை. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவள், "தாள் ஈரமாக உள்ளது" என்று குறிப்பு எழுதினேன். ரிப்போர்ட் இரண்டிலும் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. இரண்டிலும் மை அதே மாதிரி இழுபட்டிருக்கிறது.

சீட்டில் இருந்த முகவரி மாண்ட்ரீல் தபால் நிலையம். கப்பலிலிருந்து இறங்கி நீ ரயிலில் போன ஊர் அதுதானே?

அண்ணா, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், கணக்கில் அவள் ஐந்து வாங்கியதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. டீச்சராக வேண்டும் என்று பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடத்துவாளே. அப்பா அவளைப் பற்றிச் சாகும்வரை சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சொல்பேச்சு கேக்காத கழுதை. பாலத்தடியில ஐஸ் தாங்காதுன்னு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்." ஊரின் பாலம் காப்பவர் மகளே பாலத்துக்கடியில் போய் விழுந்தாள் என்ற வெட்கம் அவருக்கு. அம்மா படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். விளையாட்டுப் புத்தியால் செத்தவள் என்றுதான் ஊர் முழுக்கப் பேச்சு. அவள் விளையாடப் போனாள் என்று சொன்னது நீ. வேறு யாரும் பார்க்கவில்லை.

அது சரிதானே, அண்ணா?

குழந்தைகளை அணைத்துக்கொள்கிறேன்.

வீட்ஸ்கே

❖

ஒன்டாரியோ,
11 டிசம்பர் 1983

வீட்ஸ்கேவுக்கு,

சுகம். பனி முழங்கால் வரை. பக்கத்துப் பண்ணைக் குளம் உறைந்துவிட்டது. பையன்கள் ஸ்கேட்டிங் போகவேண்டும் என்று ஒரே ரகளை. நான் விடவில்லை. கோரி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அந்த வேலையை நிறுத்து. நீ பேயோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதை இந்தப் பக்கம் அனுப்பாதே. மாண்ட்ரீலில் நான் ஆறு மாதம் இருந்தேன். அது உனக்கு மட்டும்தான் தெரியும். நீ யாரிடமாவது சொன்னாயா?

போலீசில் கொடு. அடுப்பில் போடு. மொழிபெயர்க்காதே.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

யோரிட்

❖

லேவார்டன்,
23 ஜனவரி 1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

புது வருஷம் உங்கள் நால்வருக்கும் நல்லபடி அமையட்டும். எனக்கு ஜலதோஷம், மற்றபடி குறைவில்லை.

நீ நிறுத்து என்றாய். ஏன் என்று சொல்லவில்லை. நான் கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. அதனால் வேறொருவரிடம் கேட்கப் போனேன்.

அவளுடைய ஐந்தாம் வகுப்பு வாத்தியார் பாக்ஸ்மாவை நினைவிருக்கிறதா? எண்பத்து நாலு வயது, முதியோர் இல்லத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காலண்டரில் பனி அளவு குறித்துக்கொண்டிருக்கிறார். முதல் தாளை நகல் எடுத்து வைத்திருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது என் எழுத்துதான். இந்த நாலு நான் போட்டதுதான். எங்கேம்மா கிடைச்சுது?"

"தபால்ல வந்துச்சு சார்."

"தபால்லயா?" தாளைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் விரலால் கையெழுத்தைத் தட்டினார். "இது உங்கப்பா போட்டது இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"நாப்பது வருஷம் வாத்தியாரா இருந்தவன்கிட்ட கேக்கற கேள்வியா இது? மை எந்தப் பக்கம் இழுத்திருக்கு பாரு. இடது கைக்காரன் போட்டது. ஜனவரியிலயே எனக்குச் சந்தேகம். அன்னிக்கு, அந்த வெள்ளிக்கிழமை, புள்ளையக் கூப்பிட்டுக் கேட்டேன். வாயே திறக்கல. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்கப்பாகிட்டயே கேக்கறேன்னு சொன்னேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கோட்டு மாட்டிட்டுக் கிளம்பறப்பதான் சேதி வந்துச்சு. அதுக்கப்புறம் இதை எப்படிம்மா கேக்கறது?"

நம் வீட்டில் இடது கைக்காரர் யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பள்ளியில் உன் இடது கையைப் பிரம்பால் அடித்து வலது கைக்கு மாற்றியவரே அவர்தான்.

மூன்றாவது உறை வந்து ஒன்பது நாளாகிறது. 1960-ல் அவள், ஆரம்பப் பள்ளிக்கு அடுத்துப் படிக்கிற மூலோ பள்ளியை முடித்த சான்றிதழ். கனடாவில் அந்த மாதிரிப் பள்ளியே கிடையாது. அது என்ன, எத்தனை வருஷம், அதை முடித்தவள் அடுத்து எங்கே போகலாம் என்று அரைப் பக்கம் விளக்கம் எழுத வேண்டும். நீ சொன்னதற்காக மூன்று நாள் தொடாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் மேஜை நனைந்து, சொட்டு சொட்டாகத் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து எழுதி முடித்தேன். மேஜை காய்ந்துவிட்டது.

முகவரி டொரான்டோ. அடுத்தது எந்த ஊர் என்று நம் இருவருக்கும் தெரியும்.

நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல் என்றுதான் கேட்கிறேன்.

உன் வீட்ஸ்கே

❖

லேவார்டன்,
26 மார்ச் 1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒன்பது வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? தபால்காரன் வந்தால் உன் கடிதம் இருக்காது, அவளுடையது இருக்கும்.

இன்று நான்காவது உறை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளிச் சான்றிதழ், 1964. எல்லாவற்றிலும் ஏழு, எட்டு. பாட்டில் ஒன்பது. நம் ரெய்னு டீச்சராகிவிட்டாள், அண்ணா.

அதோடு அந்த ஈஸ்டர் ரிப்போர்ட்டும் திரும்பி வந்திருக்கிறது. இரண்டு தாளையும் சேர்த்து நான் கட்டிய நூலும் பாதி மூலத்தில், பாதி மொழிபெயர்ப்பில் விழும்படி குத்திய என் முத்திரையும் அப்படியே இருக்கின்றன. "காரணமின்றி: 30" என்ற இடத்தைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம். சீட்டில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்:

"இந்த முப்பது நாளுக்குக் காரணம் இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம். காரணத்தைக் கையெழுத்துப் போட்டவரே எழுத வேண்டும். எழுதியதும் ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பவும்."

முகவரி உங்கள் ஊர்த் தபால் நிலையம்.

இதை நான் அனுப்பவில்லை. நானாக ஒரு காரணம் எழுதவும் மாட்டேன். இல்லாததை எழுதினால் என் முத்திரைக்கு மதிப்பில்லை. காய்ச்சல் என்று எழுதச் சொல்லாதே. மேஜை இப்போதே நனையத் தொடங்கிவிட்டது. தாளை உனக்கே அனுப்புகிறேன். எழுது.

வீட்ஸ்கே

❖

ஒன்டாரியோ,
17 ஏப்ரல் 1984

அன்புள்ள வீட்ஸ்கேவுக்கு,

அண்ணி கோரி எழுதுகிறேன். நான் கடிதம் எழுதுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். குழந்தைகள் நலம். உன் அண்ணன் நலமாக இல்லை.

நீ அனுப்பிய உறை வந்ததிலிருந்து அவர் சாப்பாட்டு மேஜையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுதுவதில்லை, எழுந்திருப்பதும் இல்லை. மாடு கறப்பது நானும் ஹெர்மனும்தான். என்ன தாள் என்று கேட்டால், "பள்ளிக்கூடத்துக் காகிதம், உனக்குப் புரியாது" என்கிறார். நானும் பள்ளிக்கூடம் போனவள்தான்.

போன வியாழக்கிழமை தபால்தலை வாங்கத் தபால் நிலையத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் அம்மாள் சொன்னாள், "உங்க வீட்டுப் பொண்ணு இன்னிக்கும் வந்து விசாரிச்சுட்டுப் போச்சு. இன்னும் எதுவும் வரலன்னு சொன்னேன். நல்ல மரியாதையான புள்ள. ஆனா அந்த ஈரக் கோட்டைக் கொஞ்சம் மாத்தி விடக் கூடாதா? மூணு தடவையா தரையைத் துடைக்கிறேன்."

எனக்கு இரண்டும் பையன்கள், வீட்ஸ்கே.

வீட்டுக்கு வந்து இதை அவரிடம் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். "கோட்டு என்ன கலர்?" என்று கேட்டார். சிவப்பாம் என்றேன். முகத்தை மூடிக்கொண்டார்.

உங்கள் குடும்பத்தில் என்ன நடந்தது? யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

உன் அண்ணி,
கோரி

❖

ஒன்டாரியோ,
2 மே 1984

அன்புத் தங்கை வீட்ஸ்கேவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. ஆனாலும் நலமா?

நேற்று கோரியிடம் சொல்லிவிட்டேன். இப்போது உனக்கு.

கையெழுத்து நான் போட்டது. கிறிஸ்துமஸ் லீவில் அவள் புத்தகத்தோடு மாட்டுக்கொட்டகைக்கு வந்து அழுதாள். நாலு வாங்கினால் பள்ளியை நிறுத்திப் பண்ணை வீட்டில் வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்வார். எனக்கு அப்பா கையெழுத்து நன்றாக வரும், இடது கையில். பெருமைக்குப் போட்டேன். பாசத்துக்கு என்று எழுத ஆசை, ஆனால் பெருமைக்குத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மாதா கோயில் சுவர் பக்கம் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். சிவப்புக் கோட்டு.

"அண்ணா, சார் கண்டுபிடிச்சுட்டாரு. சாயங்காலம் வீட்டுக்கு வராராம். நீதான் போட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிடு. என்னால பொய் சொல்ல முடியாது."

"பைத்தியமா உனக்கு? என் தோலை உரிச்சுடுவாரு. ஓடிப் போயி அந்தப் புத்தகத்தை அடுப்புல போடு. புத்தகம் இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது."

"பாலத்துல அப்பா நிப்பாரே. என் மூஞ்சியப் பாத்தாலே கண்டுபிடிச்சுடுவாரு."

"அப்ப பாலத்து மேல போகாத. ஐஸ்ல இறங்கி அடியில போயிடு. அவருக்குத் தெரியாது."

"பாலத்தடியில தாங்காதுண்ணா."

"தாங்கும். காலையில நான் அந்த வழியாத்தான் வந்தேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

நான் அந்த வழியாக வரவில்லை, வீட்ஸ்கே. பந்தயத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் ஓடிய ஐஸ், இது எங்கே உடையப்போகிறது என்று நினைத்தேன். அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். பாலத்து நிழலுக்குள் போனாள். மறுபக்கம் வரவில்லை. மேலே அப்பா கைப்பிடியில் சாய்ந்து பைப்பில் புகை விட்டுக்கொண்டிருந்தார். நான் கத்தியிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும், அவள் அவர் காலடியில்தான் இருந்தாள். நான் கத்தவில்லை. சுவருக்குப் பின்னால் நின்றேன். பிறகு வேறு வழியாக வீட்டுக்குப் போய், ரெய்னு ஐஸில் விளையாடிக்கொண்டிருந்தாள் என்று சொன்னேன்.

சொல்பேச்சு கேட்காதவள் என்று அப்பா சொல்லும்போதெல்லாம் நான் அந்த மேஜையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்பேச்சு கேட்டதால்தான் செத்தாள். அதைத் தாங்க முடியாமல்தான் கப்பல் ஏறினேன், வேலைக்காக இல்லை.

தாளை நிரப்பிவிட்டேன். இடது கையால் எழுதினேன். என் பெயரைப் போட்டிருக்கிறேன். இணைத்திருக்கிறேன்.

யோரிட்

❖

லேவார்டன்,
15 ஜூன் 1984

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம். பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இப்போதும் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் அவள்மேல் கோபத்தோடே போனார்கள். அந்தக் கோபத்தை நீ ஒரு வார்த்தையில் எடுத்திருக்கலாம். எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்று நான் தலை நிமிர்ந்து சொல்லியிருக்கலாம். எத்தனை வருஷம்!

பெட்டியைத் திறந்து படத்தை எடுத்து மாட்டிவிட்டேன். பாக்ஸ்மா வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் காலண்டரை மூடி வைத்துவிட்டு, "நாளைக்கு என்னைக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போறியாம்மா?" என்றார். சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப்போனேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், பெரிய மனுஷியிடம் கேட்பதுபோல.

நீ எழுதிய வரியையும் மொழிபெயர்த்தேன். "காரணம்: அண்ணன் சொன்னதை நம்பினாள்." இதுவரை நான் மொழிபெயர்த்ததிலேயே மிகச் சின்னது. ஒரு முழுக் காலை ஆயிற்று. அடிக்குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை. நூல் கட்டி, முத்திரை குத்தி, உங்கள் ஊர்த் தபால் நிலையத்துக்கு அனுப்பிவிட்டேன். மேஜை அன்றிலிருந்து காய்ந்தே இருக்கிறது.

இங்கே பரீட்சை முடிவு வந்துவிட்டது. தெரு முழுக்கக் கொடிக்கம்பங்களில் பாஸான பிள்ளைகளின் பள்ளிப் பைகள் தொங்குகின்றன. எதிர் வீட்டில் இரண்டு. நம் வீட்டில் ஒன்றுகூடத் தொங்கியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல். உன்னையும் விசாரிக்கிறேன். அது இப்போதைக்குப் போதும்.

வீட்ஸ்கே

❖

ஒன்டாரியோ,
6 செப்டம்பர் 1984

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீ விசாரித்தது எனக்கு எவ்வளவு பெரிது என்று எழுதத் தெரியவில்லை.

உன் தபால் இங்கே வந்திருக்க வேண்டிய வாரம், ஒருநாள் காலை பால் கறந்துவிட்டு வெளியே வந்தேன். வேலி ஓரம் பக்கத்துப் பண்ணை ராஸ் சிரித்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா யோரிட், பையைக் கொடிக்கம்பத்துலயா காயப் போடுவீங்க உங்க ஊர்ல?"

இந்த ஊரில் அந்த வழக்கம் யாருக்கும் தெரியாது. நானும் என் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. கம்பத்தின் உச்சியில் பழுப்புத் தோல் பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து நாளாக மழை கிடையாது. பையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பக்கிளில் அம்மா தைத்துக் கொடுத்த நீல நூல் அப்படியே இருந்தது.

இறக்கித் திறந்தேன். ரிப்போர்ட் புத்தகம் முழுசாக இருந்தது, உன் முத்திரைகளோடு. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நான் அப்பா பெயரைப் போட்ட இடம் வெறுமையாக இருந்தது. அவள் போன பிறகு வந்த பக்கங்களிலும் அப்படித்தான். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் கையெழுத்து இருக்கிறது, என் பெயரில்.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன், வீட்ஸ்கே. கோடை முழுக்க நன்றாகத் தூங்கினேன். பையன்களுக்கு ரெய்னுவைப் பற்றிச் சொன்னேன். ஒரு நாள் கோரியிடம் சிரித்துக்கூடப் பேசினேன்.

முந்தாநாள் இங்கே பள்ளி திறந்தது. டானி ஐந்தாம் வகுப்பு. சாயங்காலம் பையைத் தூக்கி எறிந்துவிட்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொன்னான்:

"அப்பா, எங்களுக்குப் புது டீச்சர். சூப்பரா பாடறாங்க. அவங்க பேரும் நம்ம பேருதான், மிஸ் விபெங்கா. நம்ம சொந்தமான்னு கேட்டேன், சிரிச்சாங்க."

கோரி கையிலிருந்த பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஆனா ஒண்ணுப்பா, அவங்க நடந்தா தரையெல்லாம் ஈரமா இருக்கு. யாரும் ஒண்ணும் சொல்லல. எங்கிட்ட மட்டும் தனியா ஒண்ணு கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"அண்ணன் என்ன சொன்னாலும் நம்புவியான்னு கேட்டாங்க. ஹெர்மன் பொய்யா சொல்லுவான், நம்ப மாட்டேன்னு சொன்னேன். 'நல்ல புள்ள'ன்னு தலையைத் தடவினாங்க. கை ஜில்லுன்னு இருந்துச்சு."

பள்ளியிலிருந்து அவன் கொண்டுவந்த சீட்டு என் முன்னால் இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கூட்டெழுத்தை எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். முதல் ரிப்போர்ட் கிறிஸ்துமஸுக்கு வருமாம். தகப்பன் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம்.

கோரி வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்கிறாள். நான் போகவில்லை. ஒருமுறை கப்பல் ஏறிப் போய்ப் பார்த்தேனே. மார்க் நாலாக இருந்தாலும் மூன்றாக இருந்தாலும் டானியைத் திட்ட மாட்டேன். மேஜையில் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, இடது கையால், என் பெயரைப் போட்டு அனுப்புவேன்.

கிறிஸ்துமஸுக்குள் உன்னால் ஒருமுறை வர முடியுமா, வீட்ஸ்கே? நீ அவளைக் கடைசியாகப் பார்த்தபோது உனக்கு எட்டு வயது. உன்னை அவளுக்கு அடையாளம் தெரியும் என்று நினைக்கிறேன்.

அண்ணன்,
யோரிட்